பழைய உறுதியில் ‘இஷ்யூ’ என்று இருந்தால்: வன்னியில் ஆங்கிலத் தாள் வாசிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் வன்னியில், எங்கள் முள்ளியவளைக் காணிக்கு 1954 இல் எழுதப்பட்ட நன்கொடை உறுதி (காணிப் பத்திரம்) ஒன்று இருக்கிறது. மூன்று பக்கம், முழுவதும் ஆங்கிலம். 2009 இல் போரில் இடம்பெயர்ந்தபோது அம்மா பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக் கொண்டுவந்த தாள் அது. பூட்டனார் அந்தக் காணியை அப்பப்பாவின் தம்பிக்குக் கொடுத்து ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். அவர் ‘விதவுட் இஷ்யூ’ இறந்தால் காணி அப்பப்பாவின் பிள்ளைகளுக்கு வரவேண்டும் என்பதுதான் அது.

‘இஷ்யூ’ என்றால் பிரச்சினை என்று எங்களுக்குத் தெரியும். தட்டச்சு செய்து மொழிபெயர்த்துத் தருவதாகச் சொன்ன ஒரு கடையிலும் 1,500 ரூபா வாங்கிக்கொண்டு, ‘எவ்விதப் பிரச்சினையுமின்றி இறந்தால்’ என்று அடித்துத் தந்தார்கள். அப்பா அதை வாசித்துவிட்டுப் பேசாமல் மடித்து வைத்தார். அவருடைய சித்தப்பா காலத்தில் பக்கத்துக் காணிக்காரருடன் வேலி வழக்கு இருந்தது ஊருக்கே தெரியும். “பிரச்சினை இருந்ததே, அப்படியென்றால் காணி எங்களுக்கு வராது” என்றார். ஏழு மாதம் அந்தத் தாளை யாரும் தொடவில்லை.

அந்தச் சொல்லுக்கு அங்கே பொருள் பிள்ளைகள். அப்பாவின் அந்தச் சித்தப்பா பிள்ளையில்லாமல் 1968 இல் காலமானவர். எங்களுக்கு உரியதை ஒரே ஒரு சொல்லைத் தவறாக வாசித்துக் கைவிட இருந்தோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாள் இருக்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் தாளின் வயதைப் பாருங்கள்

ஐ, எஸ், எஸ், யூ, ஈ என்ற ஐந்து எழுத்தும் சேர்ந்து நிற்பதைக் கண்டவுடன் பொருள் சொல்லிவிடாதீர்கள். தாளில் எழுதப்பட்ட ஆண்டைத் தேடுங்கள். உறுதிகளில் அது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், உறுதி எழுதும் அதிகாரம் பெற்ற நொத்தாரிசு சான்றுப்படுத்திய இடத்தில், எண்ணிலன்றி எழுத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

கைபேசியில் ‘எனி இஷ்யூ?’ என்று கேட்பது அண்மைக்கால வழக்கு. இந்தச் சொல் வெறும் ‘பிரச்சினை’ என்ற பொருளில் பரவலானது இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான். 1954 இல் ஒரு நொத்தாரிசு அந்தப் பொருளில் அதை உறுதியில் எழுதியிருக்க மாட்டார். இதை யாராவது எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தால் ஏழு மாதம் மிஞ்சியிருக்கும்.

2. வேரைப் பிடியுங்கள், துருசை நினையுங்கள்

அகராதியில் இந்தச் சொல்லுக்கு ஒரு டசினுக்கு மேல் பொருள் இருக்கும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இலத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘ஈரே’ என்றால் போதல். இரண்டும் சேர்ந்த ‘எக்ஸீரே’ பழைய பிரெஞ்சில் ‘இசிர்’ ஆனது. அதிலிருந்து வெளியேறியது, வெளியேறும் வழி என்ற பொருளில் ஒரு பெயர்ச்சொல் பிறந்து, 1300 ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஆஸ்பத்திரிக் கதவுக்கு மேல் பச்சை விளக்கில் எரியும் ‘எக்ஸிற்’ இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் நீண்ட காலம் பிரெஞ்சு மொழி வழங்கியது. அங்கிருந்து வந்த சட்டச் சொற்கள்தான் எங்கள் உறுதிகளிலும் உட்கார்ந்திருக்கின்றன.

வன்னியில் இருப்பவர்களுக்கு இந்த வேரை விளங்கிக்கொள்ள அகராதியே வேண்டாம். இரணைமடுக் குளத்திலோ முத்தையன்கட்டுக் குளத்திலோ மதகை, அதாவது துருசைத் திறந்தால் தண்ணீர் வாய்க்காலுக்கு வருகிறது அல்லவா? நீர்ப்பாசன அலுவலகத்தின் ஆங்கிலத் தாள்களில் அதற்குப் பெயர் ‘வாட்டர் இஷ்யூ’. சிறுபோகத்துக்கு முன் வரும் ஆங்கில அறிவித்தலில் அந்த இரண்டு சொல்லையும் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் பிரச்சினை என்று பதறாதீர்கள். அது தண்ணீர் திறந்துவிடும் நாள்.

உள்ளே இருந்தது வெளியே வருகிறது என்ற அந்த ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். துருசிலிருந்து தண்ணீர் வருகிறது. அலுவலகத்திலிருந்து அட்டை வருகிறது. அச்சகத்திலிருந்து இதழ் வருகிறது. வயிற்றிலிருந்து பிள்ளை வருகிறது. எல்லாம் ‘இஷ்யூ’.

தமிழுக்கும் இந்த எண்ணம் புதிதன்று. நீதிமன்றம் பிடியாணை ‘பிறப்பித்தது’ என்று பத்திரிகையில் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அதே வினை ‘இஷ்யூ’. பிள்ளைகளைப் ‘பிறந்தவர்கள்’ என்கிறோம், அதுவும் ஆங்கிலச் சட்டத்தில் ‘இஷ்யூ’. ஆணைக்கும் பிள்ளைக்கும் ‘பிற’ என்ற ஒரே அடியை நாங்கள் வைத்திருப்பதைப் போலத்தான் அவர்களும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். இது பிடிபட்ட அன்று எனக்கு அந்தச் சொல்லின் மீதிருந்த பயம் போய்விட்டது.

ஒலியைக் கேட்டு வேரை ஊகிக்க வேண்டாம். ‘டிஷ்யூ’ என்ற சொல் ஒரு எழுத்துத்தான் கூட, ஆனால் அது நெய்தல் என்ற பொருளுடைய வேறு வேரிலிருந்து வந்தது. இரண்டுக்கும் உறவில்லை.

3. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள்

வேர் தெரிந்த பின், எது எங்கிருந்து வெளியே வருகிறது என்பதைப் பக்கத்துச் சொல் சொல்லிவிடும்.

‘டேற் ஒஃப் இஷ்யூ’ என்றால் வழங்கிய திகதி. கடவுச்சீட்டிலும் சாரதி அனுமதிப்பத்திரத்திலும் இருப்பது இதுதான். காலாவதியாகும் திகதி வேறு. வெளிநாட்டுப் படிவங்களில் இரண்டு கட்டமும் அடுத்தடுத்து நிற்கும், மாறிப் போட்டால் படிவம் திரும்பி வரும். பிறப்புச் சான்றிதழின் பிரதியில் கூடுதல் கவனம் வேண்டும். பிறந்த திகதி, பதிவு செய்த திகதி, பிரதி வழங்கிய திகதி என்று அதில் மூன்று திகதி உண்டு. ‘இஷ்யூ’ என்பது மூன்றாவது. ஆறு மாதத்துக்குள் வழங்கப்பட்ட பிரதியே வேண்டும் என்று கேட்கும் இடங்கள் உள்ளன. நீங்கள் பத்து ஆண்டுக்கு முன் எடுத்து வைத்த பிரதி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அங்கே செல்லாது. ஆகவே அந்தப் பிரதியை எல்லாவற்றுக்கும் முதலில் எடுக்காமல் கடைசியாக எடுங்கள்.

களஞ்சியப் புத்தகத்தில் ‘ரிசீட்ஸ்’, ‘இஷ்யூஸ்’, ‘பலன்ஸ்’ என்று மூன்று நிரல் இருக்கும். வந்தது, வெளியே கொடுத்தது, மிச்சம். நிறுவனமொன்றில் களஞ்சியப் பொறுப்பை ஏற்ற தம்பி ஒருவர் முதல் வாரம் நடு நிரலில் ‘மூன்று மூட்டை கிழிந்திருந்தது’ என்று எழுதியிருந்தார். கணக்குப் பார்க்க வந்தவர்கள் மூன்று மூட்டை அரிசி யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று அவரிடம் கையெழுத்துக் கேட்டார்கள். நேர்மையான பிள்ளை, அன்று முழுவதும் சாப்பிடவில்லை. கிழிந்ததை எழுதக் குறிப்பு நிரல் தனியாக இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் இதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

திருமண விளம்பரங்களில் வரும் ‘இஷ்யூலெஸ்’ என்பதற்குப் பிள்ளையில்லாதவர் என்று பொருள். மறுமணம் பேசும் இடங்களில் இதைப் பார்ப்பீர்கள். பிரச்சினையில்லாத நல்ல மனிதர் என்று எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினால் இரண்டு குடும்பத்துக்கும் மனவருத்தம். படிவத்தில் திருமண நிலையைக் கேட்ட பின் தனியாக ‘இஷ்யூ’ என்று ஒரு கட்டம் இருந்தாலும் கேட்பது பிள்ளைகளைத்தான்.

வழக்குத் தாளில் பன்மையில் வந்தால், இரு பக்கமும் முரண்பட்டு நிற்க, நீதிமன்றம் தீர்க்க வேண்டிய வினாக்கள். ‘பிரச்சினை’ என்ற இன்றைய பொருள் கிளைத்தது இந்த இடத்திலிருந்துதான். சஞ்சிகையில் இதழ், பங்குச் சந்தையில் வெளியீடு. இவற்றில் யாரும் தடுமாறுவதில்லை.

உறுதியிலும் மரண சாசனத்திலும் ‘விதவுட் இஷ்யூ’, ‘லீவிங் இஷ்யூ’, ‘லோஃபுல் இஷ்யூ’ என்று வந்தால் சந்ததி. இங்கே இன்னொரு நுட்பம் இருக்கிறது. சட்ட வழக்கில் இந்தச் சொல் பெற்ற பிள்ளைகளோடு நின்றுவிடுவதில்லை. பேரப்பிள்ளைகளையும் அவர்களுக்குப் பின் வருவோரையும் உள்ளடக்கக்கூடியது. ‘பிள்ளைகள்’ என்று மொழிபெயர்த்தால் சுருங்கிவிடும். ‘சந்ததி’ என்று எழுதச் சொல்லுங்கள். வடமாகாணத் தமிழருக்குத் தேசவழமை என்ற வழமைச் சட்டம் பொருந்துவதால் இது வெறும் சொல் விவகாரமாக நின்றுவிடாது. பெற்றோர் வழியில் வந்தது முதுசம், பெற்றோரோ அவர்களுக்கு மேலுள்ள முன்னோரோ அல்லாத உறவினர் இறந்து வந்தது உரிமை என்று 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. இறந்தவருக்குச் சந்ததி இருந்ததா என்ற கேள்வியில்தான் சொத்து எந்தப் பக்கம் போகும் என்பது தொங்குகிறது.

4. அகராதியைச் சரியான பக்கத்திலிருந்து திறவுங்கள்

நூலகத்தில் அகராதி கேட்டால் வின்சுலோ அகராதியை எடுத்துத் தருகிறவர்கள் உண்டு. 1862 இல் வெளிவந்த அருமையான நூல், ஆனால் அது தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போவது. உங்களுக்கு வேண்டியது எதிர்ப்பக்கம். சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தைக் கேளுங்கள். முதல் பொருளோடு நிறுத்தாமல் கடைசி வரி வரை வாசியுங்கள். எங்களுக்கு வேண்டிய பொருள் நடுவில் இருந்தது. அரசகரும மொழிகள் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகள் கிடைத்தால் அவற்றையும் பாருங்கள். இலங்கை அலுவலகங்களில் எடுபடும் சொல் அவற்றில்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டில் கிறிஸ்தவர்கள் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. எனக்கு உண்மையில் கதவைத் திறந்தது இதுதான். எங்கள் ஊர்ப் போதகர் ஐயா 1611 ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தையும் பழைய தமிழ் வேதாகமத்தையும் மேசையில் அருகருகே விரித்து வைத்தார். மத்தேயு 22 ஆம் அதிகாரம் 25 ஆம் வசனத்தில் ஆங்கிலத்தில் ‘இஷ்யூ’ இல்லை என்று இருந்த இடத்தில், அவருடைய விரல் தமிழில் ‘சந்தானம்’ என்ற சொல்லின் கீழ் நின்றது. பிறகு 9 ஆம் அதிகாரத்தைத் திருப்பினார். 20 ஆம் வசனத்தில் அதே ஆங்கிலச் சொல் இரத்தத்தோடு சேர்ந்து வருகிறது, தமிழில் ‘பெரும்பாடு’. “பார் தம்பி, அதுவும் வெளியே வருவதுதான்” என்றார். ஒரே மேசையில் பத்து நிமிடத்தில் முடிந்தது, ஒரு சதமும் செலவில்லை. பழைய ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய தமிழ் தேடுகிறவர்கள் இந்த வழியை விட்டுவிடாதீர்கள்.

கைபேசி மொழிபெயர்ப்பை முழு வசனத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். அடிக்கடி வரும் பொருளையே அது முதலில் தரும். உங்கள் உறுதிக்கு வேண்டியதோ அரிதாக வரும் பொருள்.

5. மொழிபெயர்ப்பு: ஆவணம், செலவு, நாள்

அலுவலகத்தில் காட்டும் மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமே செய்வியுங்கள். அவருடைய கையெழுத்தும் முத்திரையும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்க வேண்டும். நான் கொடுத்தது பக்கத்துக்கு 2,500 ரூபா, மூன்று பக்கத்துக்கு 7,500. ஒன்பது நாள் எடுத்தது. பக்கக் கணக்கு மூலத்தின் பக்கமா, தட்டச்சு செய்த பக்கமா என்று முன்பே கேளுங்கள். கையெழுத்தில் நெருக்கமாக எழுதிய ஒரு பக்கம் தட்டச்சில் இரண்டாகிவிடும்.

போகும் முன் மூலத்தின் தெளிவான போட்டோப்பிரதி எடுத்து, சந்தேகமான சொற்களின் கீழ் பென்சிலால் கோடிடுங்கள். மூலத்தில் கோடிடக் கூடாது. தமிழில் வந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் கோடிட்ட சொற்கள் ஒவ்வொன்றையும் பார்த்துவிடுங்கள். முத்திரை விழுந்த பிறகு ஒரு சொல்லை மாற்றப் புதிய தாள் வேண்டும்.

மூலம் தொலைந்திருந்தால் மனம் விட வேண்டாம். உறுதி எழுதிய நொத்தாரிசு மூலத்தை வாங்குபவருக்குக் கொடுத்து, ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பி, இன்னொன்றைத் தன்னிடம் வைத்திருப்பது வழமை. உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் தெரிந்தால் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். இலக்கம் தெரியாதவர்கள் அதே காணி பற்றிப் பின்னால் எழுதிய வேறு உறுதியைத் தேடுங்கள், முந்திய உறுதியின் இலக்கம் அதன் முதல் பக்கத்தில் பெரும்பாலும் சொல்லப்பட்டிருக்கும்.

6. ‘சந்ததி இல்லை’ என்பதற்குத் தாள் வேண்டும்

சொல்லின் பொருள் விளங்கினால் பாதி வேலைதான் முடிந்தது. அந்தப் பொருள் உங்கள் குடும்பத்தில் உண்மை என்று காட்ட வேண்டும். எங்கள் சட்டத்தரணி கேட்டவை: இறந்தவரின் இறப்புச் சான்றிதழ், அவருடைய திருமணச் சான்றிதழ், அப்பாவினதும் அவருடைய சகோதரர்களினதும் பிறப்புச் சான்றிதழ்கள், கையால் வரைந்த குடும்பக் கொடிவழி, கிராம அலுவலரின் கடிதம், குடும்பத்தை அறிந்த முதியவர் ஒருவரின் சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம்). ஆலோசனைக்கு 3,000 ரூபா கொடுத்தேன்.

சான்றிதழ்ப் பிரதிகளைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் கேளுங்கள். பதிவிலக்கமும் திகதியும் எழுதிக் கொடுத்தால் கட்டணம் குறைவு, வேலையும் விரைவு. தேடித் தரச் சொன்னால் இரண்டும் கூடும். பழைய பாடசாலைச் சான்றிதழ், முகாம் அட்டை என்று எதிலாவது அந்த இலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று போகும் முன்பே வீட்டில் தேடிப் பாருங்கள். முதியவரின் சத்தியக்கடதாசியைத் தள்ளிப் போடாதீர்கள். எங்களுக்குச் சாட்சி சொன்ன ஆச்சிக்கு 88 வயது. அவரை விட்டால் 1968 ஐ நினைவு வைத்திருப்பவர் ஊரில் யாருமில்லை.

எங்கள் பகுதியில் பல வீடுகளில் இந்த இடத்தில் பேனா நின்றுவிடும். மகன் 2009 க்குப் பிறகு வரவில்லை. அவனைச் சந்ததி என்று எழுதுவதா, இல்லை என்று எழுதுவதா? காணாமற்போனவரும் சந்ததிதான், கொடிவழியில் அவருடைய பெயரை எழுதுங்கள். அவசரப்படுத்துகிறார்கள் என்பதற்காக ‘சந்ததியில்லை’ என்ற தாளில் எந்தத் தாயும் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இப்படியானவர்களின் இறப்பைப் பதிவு செய்ய வழி செய்தது. அதை விரும்பாதவர்களுக்கு, 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இறந்தவர் என்று சொல்லாமல் காணாமற்போனவர் என்று மட்டும் சொல்லும் சான்றிதழைக் கொண்டுவந்தது. எதைத் தேர்வது என்பது குடும்பத்தின் விருப்பம். இரண்டாவது தாள் இருப்பதே தெரியாமல் முதலாவதில் கையெழுத்து வைத்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

7. 1972 ஐ மறக்காமல் கேளுங்கள்

சொத்தைப் பெற்றவர் இறந்தபின் அது இன்னாருக்குப் போகவேண்டும் என்று கட்டிவைக்கும் இத்தகைய நிபந்தனைகளை 1972 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் நீக்கிவிட்டது. எங்கள் உறுதியில் காணியைப் பெற்ற சித்தப்பா அதற்கு முன்பே, 1968 இல், இறந்ததால் நிபந்தனை அப்போதே நடைமுறைக்கு வந்துவிட்டது என்று சட்டத்தரணி விளக்கினார். உங்கள் தாளில் உள்ளவர் 1972 க்குப் பின்னும் உயிரோடு இருந்திருந்தால் விளைவு வேறாக இருக்கலாம். சொல்லின் பொருளைச் சரியாகக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் இதைக் கேட்காமல் வேலியடைக்கப் போகாதீர்கள். முதல் சந்திப்பிலேயே இறப்புச் சான்றிதழை மேசையில் வைத்து இந்த ஆண்டைப் பற்றிக் கேளுங்கள்.

உறுதியை மறுபடி வெளியே எடுத்த நாளிலிருந்து சட்டத்தரணியின் கோவை முழுமையான நாள் வரை எங்களுக்குப் பதினொரு வாரம் எடுத்தது. அதில் நான்கு வாரம் ஒரு திருமணச் சான்றிதழுக்காகக் காத்திருந்ததில் போனது. சிறுபோக அறுவடை முடிந்த கையோடு தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாம். மழை பிடித்துவிட்டால் வீதியில் வெள்ளம் ஓடும், அறுபது எழுபது வயதுத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பதும் ஆபத்து. மூலத்தை ஒரே ஒரு முறை, ஒப்பிட்டுப் பார்க்கும் நாளில் மட்டும் கொண்டுபோங்கள். பார்த்து முடிந்ததும் கையோடு திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.